தம்பியும் ஒரு சிவப்புச் சாயமும்

ஆசிரியர் குழுவுல இருக்கிற தோழி இந்த இதழுக்கு இன்டர்ன்ஷிப் அனுபவம் பத்தி எழுதித் தரச் சொன்னா. அதை எழுத ஏற்கெனவே நாலு பேர் வரிசையில நிக்கிறாங்க. மூத்திரப்பையைப் பத்தி எழுத நம்ம காலேஜ்ல யாரும் இருக்க மாட்டாங்க, நான் அதை எழுதறேனேன்னு சொன்னேன். ஒரு நிமிஷம் என்னையே பாத்துட்டு, "சிறுநீர்ப்பைன்னு போடுடி, கொஞ்சம் டீசன்ட்டா இருக்கும்"னா. சரி, சிறுநீர்ப்பை.

எனக்கும் என் தம்பிக்கும் 11 வயசு வித்தியாசம். நான் எட்டாவது படிக்கும்போது அவன் நடக்க ஆரம்பிச்சிருந்தான். அதனால அவன் எனக்குத் தம்பியும் கூட, பாதி பிள்ளையும் கூட. எங்க வீடு கரூர்ல. அப்பா ஒரு சாயப்பட்டறையில சூப்பர்வைசர், அம்மா வீட்டுலயே தலையணை உறை தைக்கிறாங்க. நான் கோயம்புத்தூர்ல ஈ.சி.இ. மூணாம் வருஷம். போன வருஷம் ஜூலை மாசம் வரைக்கும் எங்க வீட்டுப் பிரச்சினைன்னா என் ஹாஸ்டல் ஃபீஸ் மட்டும்தான்.

தம்பி அப்ப மூணாவது படிச்சுக்கிட்டிருந்தான். ஸ்கூல் விட்டு வந்ததும் பாத்ரூம் போவான். வந்து ரெண்டு வாய் சாப்பிடுவான், மறுபடி போவான். டிவில ஒரு கார்ட்டூன் முடியறதுக்குள்ள மூணு தடவை. முதல்ல எல்லாரும் சிரிச்சோம். அப்புறம் போகும்போது அடிவயித்தைப் பிடிச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சான். ராத்திரி ஏழெட்டுத் தடவை எழுந்தான். நின்னுக்கிட்டே இருப்பான், சொட்டுச் சொட்டாத்தான் வரும்.

நம்ம ஊர்ல இதுக்குப் பேர் நீர்க்கடுப்பு. காரணம் சூடு. வேற காரணமே கிடையாது. அம்முச்சி வந்து தொப்புள்ல விளக்கெண்ணெய் வெச்சாங்க, கால் கட்டைவிரல் நகத்துல சுண்ணாம்பு தடவினாங்க, ஊறவெச்ச வெந்தயத்தை வெறும் வயித்துல முழுங்க வெச்சாங்க. "எல்லாம் சூடு கண்ணு. அந்தப் பையன் வெயில்ல கிரிக்கெட் ஆடுறான், தண்ணி குடிக்கிறதில்ல"ன்னு சொன்னாங்க. நான் அம்முச்சியைக் கிண்டல் பண்ண மாட்டேன். ஏன்னா நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு ரெண்டு இளநீர்ல சரியாகிற விஷயம்தான் அது. தண்ணி குறைஞ்சா சிறுநீர் அடர்த்தியாகும், அடர்த்தியானா எரியும், தண்ணி குடிச்சா எரிச்சல் நிக்கும். அவங்க அனுபவம் பொய் இல்ல. தம்பி அந்த மீதிப் பத்துக்குள்ள இருந்தான், அவ்வளவுதான்.

கரூர்ல குழந்தை டாக்டர் யூரின் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். சீழ் செல் இருக்கு, ரத்த செல்லும் கொஞ்சம் இருக்கு. இன்ஃபெக்‌ஷன்னு ஆன்டிபயாட்டிக் 5 நாளைக்கு. குறையல. கல்ச்சர் பண்ணாங்க, அதாவது சிறுநீரைத் தட்டுல ஊத்தி ஏதாவது கிருமி வளருதான்னு பாக்கறது. "நோ க்ரோத்"னு வந்துச்சு. கிருமி இல்லைன்னா சந்தோஷம்தானே? அப்படி இல்ல. கிருமி இல்லாம இவ்வளவு எரிச்சல் எதுக்குன்னு அடுத்த கேள்வி வருது. வேற ஒரு மருந்து மாத்திப் பாத்தாங்க. ஆகஸ்ட் முதல் வாரம் ஒரு நாள் காலையில சிறுநீர் கடைசியில ரெண்டு சொட்டு சிவப்பா வந்துச்சு. அம்மா எனக்கு போன் பண்ணி, "கண்ணு, உன் தம்பிக்கு ரத்தமா வருது"ன்னாங்க. அதுக்கு மேல பேசல. லைன்ல மிஷின் ஓடாத சத்தம் மட்டும் கேட்டுச்சு. எங்க வீட்டுல அந்தத் தையல் மிஷின் நின்னா ஏதோ சரியில்லைன்னு அர்த்தம்.

ஸ்கூல் கதையையும் இங்கேயே சொல்லிடறேன். பேர் வேண்டாம். இன்டர்வல் பெல் அடிச்சாத்தான் பாத்ரூம் போகணும்னு அங்க ஒரு ரூல். எட்டு வயசுப் பையன் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை கை தூக்கினா வகுப்பைக் கெடுக்கிறான்னுதான் டீச்சர் நினைச்சாங்க. வெளிய நிக்க வெச்சாங்க. அவன் ஒரு வழி கண்டுபிடிச்சான்: காலையில இருந்து தண்ணியே குடிக்காம இருந்தான். வாட்டர் பாட்டில் நிரப்பினபடியே வீட்டுக்குத் திரும்பி வரும். அம்மா அதைக் கவனிச்சுக் கேட்டப்ப, "குடிச்சா வருதும்மா"ன்னான். அவன் லாஜிக்ல தப்பு சொல்ல முடியாது. அம்மா ஸ்கூலுக்குப் போய்ப் பேசினாங்க. டாக்டர் சர்ட்டிஃபிகேட் கேட்டாங்க. சர்ட்டிஃபிகேட் கொடுத்ததும் கதவு பக்கத்துல இடம் கொடுத்தாங்க. அதுக்குள்ள பசங்க அவனுக்கு 'லீக் டேங்க்'னு பேர் வெச்சாச்சு. மத்ததெல்லாம் சரியான பிறகும் அந்தப் பேர் மட்டும் ரொம்ப நாள் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

ரத்தம் வந்ததும் ஸ்கேன். நிரம்பிய சிறுநீர்ப்பையோட சுவர் குழந்தைகளுக்கு 3 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். பலூன் மாதிரிதான், ஊத ஊத மெலிசாகும். தம்பிக்கு ஒரு பக்கம் 11 மில்லிமீட்டர். ரிப்போர்ட்ல "கட்டி போன்ற தடிப்பு"ங்கிற அர்த்தத்துல இங்கிலீஷ்ல ஒரு வரி, அதுக்குக் கீழ கேள்விக்குறியோட ஒரு நீளமான வார்த்தை. ரேப்டோமயோசர்க்கோமா. அப்பா அந்த ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினார். "இது என்னன்னு பாரு"ன்னு ஒரு வரி.

பாத்தேன். தசையா மாற வேண்டிய செல்கள்ல இருந்து வர்ற புற்றுநோய். குழந்தைகளுக்கு வர்ற மென்திசுப் புற்றுநோய்கள்ல இதுதான் அதிகம். சிறுநீர்ப்பை அது வர்ற இடங்கள்ல ஒன்னு. ஹாஸ்டல் மொட்டை மாடியில உக்காந்து படிச்சேன். கீழ மெஸ்ல சப்பாத்திக்குக் கூட்டம் கத்திக்கிட்டிருந்துச்சு. அப்பாவுக்கு போன் பண்ணினேன். நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே அவர் சொன்னார்: "அந்த வார்த்தையை நானும் கேக்கல, நீயும் சொல்லாத. எங்க காட்டணும்னு மட்டும் சொல்லு."

கோயம்புத்தூர்ல குழந்தைகளோட சிறுநீரகப் பாதை அறுவை சிகிச்சை மட்டும் பாக்குற டாக்டர் ஒருத்தர்கிட்ட கூட்டிட்டு வந்தாங்க. அதிகம் பேசாதவர். ஸ்கேனை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தார், தம்பி வயித்தை அழுத்திப் பாத்தார், அப்புறம் சம்பந்தமே இல்லாம கேள்வி கேக்க ஆரம்பிச்சார். வீசிங் இருக்கா? தோல்ல தடிப்பு வருமா? ஏதாவது சாப்பிட்டா அரிக்குமா? சமீபத்துல என்ன மாத்திரை எடுத்தான்? பூச்சி மாத்திரை கொடுத்தீங்களா? கடைசியா, "ஆப்பிரிக்கா, அரபு நாடு எங்கயாவது போயிருக்கீங்களா?"ன்னார். அப்பா ரொம்ப சீரியஸா, "பழனி வரைக்கும் போயிருக்கோமுங்க"ன்னார். டாக்டர் அன்னைக்கு சிரிச்சது அது ஒரு தடவைதான். கேள்விக்குக் காரணம் இருக்கு. சிஸ்டோசோமான்னு ஒரு புழு அந்தப் பக்கத்து நல்ல தண்ணி நத்தைகள் வழியாப் பரவி, தோல் வழியா உள்ள போய், கடைசியில சிறுநீர்ப்பைச் சுவர்ல முட்டை போடும். ரத்தமும் வரும், சுவரும் தடிக்கும்.

அவர் தேடினது ஒரு செல்லோட தடயத்தை. ரத்தப் பரிசோதனையில மொத்த வெள்ளை அணு 11,000, அதுல ஈசினோபில் 20 சதவீதம். பெருக்கிப் பாருங்க, 2,200. சாதாரணமா 500க்குள்ள இருக்கணும். ஈசினோபில்ங்கிற பேர் நம்ம எல்லார் வீட்டுக்கும் தெரிஞ்சதுதான். "எனக்கு ஈஸ்னோபீலியா இருக்கு, ஊதுபத்தி ஆகாது"ன்னு சொல்ற ஒரு சித்தப்பா எல்லாக் குடும்பத்துலயும் இருப்பார். புழுக்களை அழிக்கவும் அலர்ஜியிலயும் வேலை செய்யற வெள்ளை அணு அது. அது சிறுநீர்ப்பையில போய் உக்காரும்னு அதுவரைக்கும் நாங்க யாரும் கேள்விப்பட்டதில்ல.

டாக்டர் எதையும் மறைக்கல. "ரெண்டு விஷயமா இருக்கலாம். ஒன்னு கெட்ட கட்டி. இன்னொன்னு அலர்ஜி மாதிரியான ஒரு வீக்கம், ரொம்ப அபூர்வம், ஆனா சரியாகும். ஸ்கேன்ல ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். உள்ள போய் ஒரு துண்டு எடுத்துப் பாக்காம நான் எதையும் சொல்ல மாட்டேன். எடுக்காம அறுக்கவும் மாட்டேன்"னார். அந்தக் கடைசி வாக்கியத்தோட எடை எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுச்சு. ரெண்டும் ஒன்னு மாதிரியே தெரியறதால, அவசரப்பட்டா ஒரு குழந்தைக்குத் தேவையே இல்லாத பெரிய ஆபரேஷன் நடந்துடலாம்.

மயக்க மருந்து கொடுத்து, சிறுநீர் வர்ற வழியாவே மெல்லிசான ஒரு கேமராக் குழாயை விட்டு உள்ள பாத்தாங்க. சிஸ்டோஸ்கோப்பி. உள்சுவர் சிவந்து வீங்கி மேடு மேடா இருந்துச்சாம். நாலு இடத்துல கிள்ளி எடுத்தாங்க. தியேட்டருக்குள்ள போறதுக்கு முன்னாடி தம்பி என்கிட்ட கேட்ட ஒரே கேள்வி: "அக்கா, உள்ள கேமரா போனா லைட் எரியுமா?" எரியும்னேன். "அப்ப வயித்துக்கு வெளிய தெரியுமா?" அவனுக்கு நாங்க யாரும் எந்த வார்த்தையும் சொல்லல. ஆனா அவன் அன்னைக்கு அம்மா கையை விடவே இல்ல.

ரிசல்ட்டுக்கு 6 நாள். அந்த 6 நாளைப் பத்தி நிறைய எழுதலாம், எழுத விருப்பம் இல்ல. அம்மா பழனிக்கு மொட்டை வேண்டிக்கிட்டாங்க, தம்பிக்கும் சேத்துத் தனக்கும். அப்பா கால்குலேட்டர்ல ஏதோ கூட்டி அழிச்சுக் கூட்டி அழிச்சு வெச்சிருந்தார். என்னோட செகண்ட் இன்டர்னல்ஸ் அந்த வாரம்தான். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல நைக்விஸ்ட் ப்ளாட் போட்டுக்கிட்டே அது ஸ்டேபிளா இல்லையான்னு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தது ஞாபகம் இருக்கு. ரூம்மேட் ஒருத்தி எதுவும் கேக்காம தினமும் எனக்கு டீ எடுத்து வெச்சா. அவளுக்கு இன்னும் நன்றி சொல்லல, இதைப் படிச்சா தெரிஞ்சுக்கட்டும்.

ஆறாவது நாள் ரிப்போர்ட் வந்துச்சு. இயோசினோபிலிக் சிஸ்டைட்டிஸ். சிறுநீர்ப்பைச் சுவர் முழுக்க, உள்தோல்ல இருந்து தசை வரைக்கும் ஈசினோபில் செல்கள். புற்றுநோய் செல் எதுவும் இல்ல. டாக்டர் ரூமை விட்டு வெளிய வந்ததும் அப்பா நேரா டீக்கடைக்குப் போனார். ரெண்டு டீ சொன்னார், ரெண்டையும் அவரே குடிச்சார். அப்புறம் கேட்டார்: "அதெப்படிக் கண்ணு இவ்வளவு உறுதியாச் சொல்றாங்க? அவ்வளவு சின்னத் துண்டுல எது எந்தச் செல்லுன்னு எப்படித் தெரியும்?"

"சாயம் போட்டுப் பாப்பாங்கப்பா"ன்னேன்.

அவர் டம்ளரைக் கீழ வெச்சார். சாயம்னு சொன்னா அவர் எழுந்து உக்காந்துடுவார். நான் மொட்டை மாடியில படிச்சதை எல்லாம் அவருக்குச் சொன்னேன். ஈசினோபில்ங்கிற பேரே ஒரு சாயத்துப் பேர்ல இருந்து வந்தது. ஈயோசின், ரோஸும் சிவப்பும் கலந்த மாதிரி ஒரு நிறம். 1870கள்ல ஜெர்மனியில துணிக்குப் போடறதுக்காகக் கண்டுபிடிச்சது. கிரேக்கத்துல விடியலுக்கான தேவதை பேர் ஈயோஸ். பால் எர்லிக்னு ஒரு இளம் டாக்டருக்குச் சாயப் பைத்தியம். கண்ணாடித் தகட்டுல ரத்தத்தைத் தடவி, அந்தக் காலத்துல புதுசா வந்த சாயங்களை ஒவ்வொன்னா ஊத்திப் பாத்தார். ஒரு வகை செல் மட்டும் ஈயோசினை அள்ளிக் குடிச்சுச் செவேல்னு ஆச்சு. 1879ல அதுக்கு ஈயோசினை விரும்பும் செல்னு பேர் வெச்சார், அதுதான் ஈசினோபில். 1908ல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சுது, அது வேற வேலைக்கு.

"ஈயோசின் என்ன டை? ரியாக்டிவா, ஆசிட்டா?"ன்னார் அப்பா.

ஆசிட்னேன்.

"ஆசிட் டை பருத்தியில நிக்காது. பட்டுக்கும் கம்பளிக்கும்தான் ஏறும். நாம பெட்ஷீட்டுக்குப் போடறதெல்லாம் ரியாக்டிவ். ஆசிட் டை ஏறணும்னா துணியில புரோட்டீன் இருக்கணும், அதுல பாசிட்டிவ் சார்ஜ் இருக்கணும்."

எனக்குச் சிலிர்த்துப்போச்சு. ஏன்னா பாடப் புத்தகத்துல இருக்கிற விளக்கமும் அதேதான். ஈசினோபிலுக்குள்ள இருக்கிற துகள்கள்ல மேஜர் பேசிக் புரோட்டீன்னு ஒன்னு நிறைஞ்சு கிடக்கு, அதுல அவ்வளவு பாசிட்டிவ் சார்ஜ். ஈயோசின் நெகட்டிவ். அதனாலதான் ஒட்டிக்குது. அதே புரோட்டீன்தான் வெளிய கொட்டும்போது புழுவோட தோலை ஓட்டை போடுது. புழுவே இல்லாத இடத்துல கொட்டினா சிறுநீர்ப்பையோட தோலை. எங்கப்பா பத்தாவது வரைக்கும்தான் படிச்சவர். அந்த டீக்கடை பெஞ்சுல பயாப்சி ரிப்போர்ட்டை என்னைவிட நல்லாப் புரிஞ்சுக்கிட்டவர் அவர்தான். "அப்ப என் பையனுக்கு உள்ள ஆசிட் டை ஏறியிருக்கு"ன்னு சொல்லிட்டு, ஒரு மாசத்துக்கு அப்புறம் முதல் தடவையா அழுதார்.

இந்த நோயை மருத்துவ உலகம் அடையாளம் கண்டதே 1960லதான். அந்த வருஷம் தனித்தனியா ரெண்டு பேர் எழுதினாங்க. 2000ல ஒரு ஐரோப்பிய இதழ்ல அதுவரைக்கும் எழுதப்பட்ட நோயாளிகளை எல்லாம் திரட்டி ஒரு கட்டுரை வந்துச்சு, மொத்தம் சேந்தது 135 பேர். குழந்தைங்க, பெரியவங்க எல்லாரையும் சேத்து. நம்ம ஒரு பேட்ச்ல ரெண்டு செக்‌ஷன் சேந்தா அவ்வளவு பேர் இருப்போம். இன்னும் எத்தனையோ பேர் எழுதப்படாம, கண்டுபிடிக்கப்படாம இருந்திருப்பாங்க. ஆனாலும் எண்ணிக்கை சின்னதுதான். அதனாலதான் கரூர் டாக்டர் மேல எங்களுக்குக் கோபமே இல்ல. ஒரு டாக்டர் தன் வாழ்நாள் பூரா இதை ஒரு தடவைகூடப் பாக்காம ரிட்டயர் ஆகலாம். அவர் சரியான நேரத்துல ஸ்கேன் எழுதினார், பெரிய டாக்டர்கிட்ட அனுப்பினார்.

நம்ம ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். சிறுநீர்ப்பைன்னா ஒரு கெபாசிட்டர். எவ்வளவு அழுத்தத்துக்கு எவ்வளவு கொள்ளளவுங்கிற விகிதத்தை டாக்டர்களும் கம்ப்ளையன்ஸ்னுதான் சொல்றாங்க. குழந்தையோட வயசோட 2 கூட்டி 30ஆல பெருக்கினா தோராயமான கொள்ளளவு மில்லிலிட்டர்ல வரும். 8 வயசுக்கு 300. சுவர் வீங்கித் தடிச்சா அது விரியாது. கொஞ்சம் நிரம்பினதுமே அழுத்தம் எகிறும், உடனே மூளைக்கு அவசரம்னு தகவல் போகும். தம்பி ஒரு தடவைக்குப் போனது 40 மில்லி. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை கை தூக்கினது சேட்டை இல்ல, அவனோட டேங்க் அவ்வளவுதான். அழுத்தம் ரொம்ப நாள் அப்படியே இருந்தா மேல சிறுநீரகத்துக்கும் பாதிப்பு போகும். வீக்கம் பழசாயிட்டா தழும்பாகி, சுவர் நிரந்தரமா விறைச்சுக்கும். தம்பிக்கு அந்த அளவுக்குப் போகல.

சிகிச்சைன்னு பாத்தா ரொம்ப சாதாரணம். ராத்திரி ஒரு அலர்ஜி மாத்திரை, மூக்கு ஒழுகினா நாம போடறதே. காலையில சாப்பாட்டுக்கு அப்புறம் ப்ரெட்னிசலோன், அது ஸ்டீராய்டு. ஸ்டீராய்டுன்னதும் அம்மா பயந்தாங்க. பயப்பட வேண்டிய மருந்துதான், ஆனா நாமளா நிறுத்தறதுதான் அதைவிடப் பெரிய ஆபத்து. உடம்பு தன்னோட சொந்த ஸ்டீராய்டை ஒரு ஃபீட்பேக் லூப் வெச்சுத்தான் சுரக்குது. வெளிய இருந்து வந்துக்கிட்டே இருந்தா, போதும்னு நினைச்சு உள்ளுக்குள்ள உற்பத்தியை நிறுத்திடும். திடீர்னு மாத்திரையை விட்டா வெளிய இருந்தும் இல்ல, உள்ள இருந்தும் இல்ல. அதனால வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சாங்க. தம்பிக்கு முகம் நிலா மாதிரி உப்பிப்போச்சு, பசின்னா அப்படி ஒரு பசி. காலையில 6 இட்லி சாப்பிட்டுட்டு, "அவ்வளவுதானா?"ன்னு கேப்பான். பக்கத்து வீட்டு அக்கா, "பையன் நல்லாத் தேறிட்டான்"னு சந்தோஷப்பட்டாங்க. அம்மா மறுத்துப் பேசல.

டாக்டர் ஒரு டைரி போடச் சொன்னார். எப்பப் போறான், எவ்வளவு. அம்மா ஒரு பிளாஸ்டிக் ஜக் வாங்கினாங்க, பக்கத்துல மில்லிலிட்டர் கோடு போட்டது. தம்பி ஒவ்வொரு தடவையும் கோடு பாத்துட்டு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புவான். "அக்கா, அறுபத்தஞ்சு." "அக்கா, எம்பது, ஆனா கொஞ்சம் வெளிய போயிடுச்சு." நான் ஸ்ப்ரெட்ஷீட்ல போட்டு கிராஃப் வரைஞ்சேன். லேப்ல, பஸ்ல, ஒரு தடவை இண்டஸ்ட்ரியல் விசிட் நடுவுலகூட அந்தக் குரல் வந்திருக்கு. மூணாவது வாரம் 120. அஞ்சாவது வாரம் ஒரு நாள் கத்தினான்: "அக்கா, எரியவே இல்ல!" எத்தனை மில்லின்னு சொல்லவே மறந்துட்டான். அந்தக் கட்டத்தை நான் இன்னும் காலியாத்தான் வெச்சிருக்கேன்.

காரணம் என்னன்னு கடைசி வரைக்கும் தெரியல. மலப் பரிசோதனையில புழு இல்ல. யானைக்கால் கிருமி டெஸ்ட் நெகட்டிவ். ஜூன்ல சளிக்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக் காரணமா இருக்கலாம், சில மருந்துகளால இது வந்ததாப் பதிவு இருக்கு, அதனால அந்த மருந்தை இனிமே கொடுக்க வேண்டாம்னு டாக்டர் சீட்டுல சிவப்பு மையில எழுதினார். அம்மா தைக்கிற இடத்துப் பஞ்சுத் தூசியான்னு கேட்டோம். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நிறைய குழந்தைகளுக்குக் காரணம் கிடைக்கிறதே இல்ல"ன்னார். அம்மாவுக்கு இந்தப் பதில் போதல. மிஷினை நடு அறையில இருந்து பின்பக்கத் திண்ணைக்கு மாத்திட்டாங்க. மழை வந்தா தார்ப்பாய் கட்டித் தைக்கிறாங்க. தேவையில்லைன்னு நான் சொல்லிப் பாத்தேன். "இருக்கட்டும் கண்ணு"ங்கிற ஒரே பதில். தெரியாத காரணத்துக்கு ஏதாவது ஒன்னைக் கொடுத்தாத்தான் அவங்களுக்குத் தூக்கம் வருதுன்னா, தார்ப்பாய் ஒன்னும் பெரிய விலை இல்ல.

நான் டாக்டர் இல்ல, மல்ட்டிமீட்டர் பிடிக்கிற கேஸ். இதைப் படிச்சுட்டு எரிச்சல் இருக்கிற எல்லாரும் தனக்கு இயோசினோபிலிக் சிஸ்டைட்டிஸ்னு முடிவு பண்ண வேண்டாம். உங்களுக்கு அது இருக்கிற வாய்ப்பைவிட, காலையில எட்டு மணிக்கு பஸ் ஏறி, காலேஜ் பாத்ரூம் நல்லாயில்லைன்னு சாயங்காலம் வரைக்கும் அடக்கி வெச்ச வாய்ப்பு ரொம்ப அதிகம். என் க்ளாஸ் பொண்ணுங்க பாதிப் பேர் அப்படித்தான். நமக்கு வாய் இருக்கு, புகார் கொடுக்கலாம், ரெப் கிட்ட சொல்லலாம். ஆனா உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ ஒரு சின்னக் குழந்தை வாரக்கணக்கா அடிக்கடி ஓடுது, மருந்து குடிச்சும் குறையல, கல்ச்சர்ல கிருமி வரல, ரத்தம் எட்டிப் பாக்குதுன்னா, இளநீரோட நிறுத்தாதீங்க. ஸ்கேன் பாக்கச் சொல்லுங்க. ரத்தத்துல ஈசினோபில் எவ்வளவுன்னு கேளுங்க. யாராவது கட்டின்னு சொன்னா, பயாப்சி வர்றதுக்கு முன்னாடி மனசுல எதையும் முடிவு பண்ணாதீங்க. பண்ணாம இருக்க முடியாதுன்னு எனக்கும் தெரியும்.

ஆறாவது வாரம் ஸ்கேன்ல சுவர் 4 மில்லிமீட்டர். பொங்கலுக்கு முன்னாடி எடுத்ததுல 3க்குக் கீழ. ஈசினோபில் 400. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இது அடங்கிடும், ஆனா சிலருக்குத் திரும்ப வரும், அதனால 6 மாசத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லியிருக்கார். பழனியில தம்பியும் அம்மாவும் மொட்டை போட்டுக்கிட்டாங்க. நிலா முகமும் மொட்டைத் தலையுமா அவன் ஸ்கூலுக்குப் போனப்ப 'லீக் டேங்க்' போய் 'புட்பால்'னு புதுப் பேர் வந்துடுச்சு. அதுல அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

பொங்கல் லீவுல நான் வீட்டுக்குப் போயிருந்தப்ப ஜக்கைக் காணோம். இனி அளக்க வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார்னு அம்மா சொன்னாங்க. தூக்கிப் போட்டீங்களான்னு கேட்டேன். அப்பா பேப்பர்ல இருந்து தலையை எடுக்காம, "பட்டறைக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். அங்க அளவு ஜக் ஒன்னு உடைஞ்சு போச்சு. இதுல கோடு நல்லாத் தெளிவா இருக்கு"ன்னார்.

"கழுவினீங்களாப்பா?"

"அம்மா மூணு தடவை கழுவினா. அதுல இப்ப ரெட் கலக்குறோம்."